அறுந்து ஒட்டிய சங்கிலி

மன்னார்ப் பட்டினத்தில் எட்வேட்டைத் தெரியாதவர்கள் குறைவு. வங்கியொன்றின் அடகுப் பகுதியில் நகை மதிப்பிடுகிறவராக அவர் நெடுங்காலம் இருந்தார். நகையை அடகு வைக்க வருகிற சனம் கண்ணாடிக்கு அப்பால் நின்று அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். உரைகல்லில் ஒருதரம் இழுத்து, அசிட் ஒரு துளி விட்டு, தராசில் போட்டு எடுக்கும்வரை அவர் வாய் திறக்கமாட்டார். முலாம் பூசிய காப்பைப் பொன்னென்று நம்பி ஆசுப்பத்திரிச் செலவுக்காக வந்து நின்ற தாயிடமும், பழைய அட்டியல் கொண்டுவந்த முதலாளியிடமும் ஒரே முகத்தோடுதான் பேசுவார். கல்நெஞ்சன் என்று சிலர் சொன்னார்கள். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தரம் இரங்கிவிட்டால் மறுநாள் அந்தக் கதிரையில் இருக்கமுடியாது என்பது அவருக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகும் வேலை அவரை விடவில்லை. பவுண் விலை ஏற ஏறக் களவும் கூடியது. வீட்டோடு சேர்த்து நகைக்கும் காப்புறுதி எடுக்கிற பழக்கம் மன்னார்த் தீவுக்குள் வந்தது. காப்புறுதிக் கம்பனிகள், நகையின் நிறை என்ன, மாற்று என்ன, எந்த நிலையில் இருக்கிறது, இன்றைக்கு என்ன பெறும் என்று ஒருவர் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்ட அத்தாட்சி கேட்டன. எட்வேட் தன் வீட்டு முன்னறையில் மேசை போட்டு, தராசும் லென்சும் வைத்து அதைச் செய்துகொடுத்தார். வேலை செய்தால் நினைப்பு வராது என்பது அவருடைய எண்ணம்.

நினைக்காமல் இருக்கவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவருக்கும் மனைவி றஞ்சிதத்துக்கும் ஒரே மகள், டிலோஜினி. அவள் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது விடத்தல்தீவுப் பொடியன் ஒருவனை விரும்பினாள். அவனும் இவர்களைப்போலக் கத்தோலிக்க வேதக்காரன்தான். நல்ல பொடியன், கடல் தொழில் செய்கிற குடும்பம். ஆனால் விடத்தல்தீவு அப்போது இயக்கத்தின் பக்கம். தீவு இராணுவத்தின் பக்கம். நடுவில் சோதனைச் சாவடிகள். சமாதானம் என்ற பேச்சு இருந்தாலும் அது அதிகநாள் நிற்காது என்று றஞ்சிதம் பயந்தாள்.

"அங்கால போனா நீ திரும்பி வரமாட்டாய்" என்று முதலில் கெஞ்சினாள். மகள் கேட்கவில்லை. பெட்டியோடு வாசலில் நின்றவளைப் பார்த்து, "போறதெண்டாப் போ. இனி இந்தப் படலையைத் திறக்காத" என்று சொல்லிவிட்டாள். பயத்தில் சொன்ன சொல். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

விடத்தல்தீவுக் கோயிலில் நடந்த கலியாணத்துக்கு எட்வேட் தனியாகப் போனார். அவர் வங்கிக்குப் போகமுன்னர் தகப்பனோடு இருந்து பொன்வேலை பழகியவர். மகளுக்கென்று தானே ஒரு சங்கிலி செய்து கொண்டுபோனார். அதன் கொளுக்கியை மற்றச் சங்கிலிகளின் கொளுக்கிபோலச் செய்யாமல், இரண்டு ஓடும் பொருந்தி மூடுகிற சிப்பி மாதிரிச் செய்து, உள்ளே ஊசிமுனையால் 'டி' என்று கீறியிருந்தார். அவர் அதைச் செய்துகொண்டிருந்தபோது றஞ்சிதம் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டு திரிந்தாள். ஒரு நாளும் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை.

அந்த வருடமே சண்டை திரும்பத் தொடங்கியது. பாதை பூட்டப்பட்டது. ஆமி மன்னார்க் கரையால் முன்னேற முன்னேற விடத்தல்தீவுச் சனம் வன்னிக்குள் ஓடியது. பிறகு கிளிநொச்சி, பிறகு அதற்கும் அப்பால். சண்டை முடிந்தபின் அகதி முகாமில் இருந்த ஒரு மனுசி, கடைசிச் சண்டை நடந்த மாத்தளனில் கஞ்சிக்கு நின்ற வரிசையில் டிலோஜினியைக் கண்டதாகச் சொன்னாள். புருசன் அப்போது கூட இருக்கவில்லையாம். அதற்குப் பிறகு கண்டவர் ஒருவரும் இல்லை.

றஞ்சிதம் மகளின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாத கந்தோர் இல்லை. முகாம், பொலிஸ், கச்சேரி, கொழும்பிலிருந்து வந்த ஆணைக்குழு. மரண அத்தாட்சிப் பத்திரம் எடுங்கள், உதவி கிடைக்கும் என்று ஒரு அதிகாரி சொன்னபோது, "செத்ததைக் கண்டனீங்களோ?" என்று கேட்டாள். காணாமல்போன பிள்ளைகளின் தாய்மார் மாதத்தில் ஒருநாள் றோட்டோரம் படங்களோடு இருப்பார்கள். அவர்களோடு போய் இருந்தாள். பேசாலை அன்னப்பிள்ளையின் மகனை வீட்டிலிருந்து கொண்டுபோனவர்கள் திருப்பி அனுப்பவில்லை. அந்த அன்னப்பிள்ளை அவளுக்கு உடன்பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். எட்வேட் அந்த இடத்துக்குப் போவதில்லை. மகள் இல்லை என்று அவருடைய மனம் எப்போதோ முடிவுகட்டிவிட்டது. அதை அவர் றஞ்சிதத்திடம் சொன்னதில்லை.

இப்படியே வருடங்கள் போயின. டிலோஜினி இருந்திருந்தால் அவளுக்கும் தலை நரைக்கத் தொடங்கியிருக்கும்.

சோளகக் காற்று மண்ணை வாரி அடித்த ஒரு காலைநேரத்தில் ஜெஸ்லியா ஓட்டோவில் வந்து இறங்கினாள். எருக்கலம்பிட்டிப் பெண். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்தோடு இயக்கத்தால் தீவைவிட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்து அகதிக் குடியிருப்பில் வளர்ந்தவள். சண்டை முடிந்து ஊர் திரும்பிய குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. புருசன் ஷமீர் கட்டாரில் வேலை செய்தான். பக்கத்து வீட்டார் கலியாணத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து அவர்களுடைய அலுமாரியை உடைத்துக் களவெடுத்திருந்தார்கள்.

"அவர் அங்க இருந்து ஒரே போன் ஐயா. உடனே நகைக்கு இன்சூரன்ஸ் போடு, போடு எண்டு. கம்பனிக்காரர் உங்களிட்டப் போகச் சொன்னாங்க" என்று சொல்லி, கைப்பைக்குள் இருந்த துணிப்பொட்டலத்தை அவிழ்த்தாள்.

அட்டியல் ஒன்று, இரண்டு சோடிக் காப்பு, மோதிரங்கள், தோடுகள். எட்வேட் ஒவ்வொன்றாக எடுத்து உரைத்து, நிறுத்து, எழுதினார். கடைசியாக ஒரு சங்கிலி. அதைக் கையில் எடுத்து லென்சுக்குக் கீழே மெல்ல மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். பழுது இருந்தால் உடைமைக்காரருக்குக் காட்டிவிடுவது அவர் வழக்கம். பிறகு அதனால் வழக்கு வராது.

"இஞ்ச வந்து பாருங்கோ பிள்ளை. இதில ஒரு ஒட்டு இருக்குது. செய்தவன் வச்ச ஒட்டில்லை இது. பிறகு வச்சது."

ஜெஸ்லியா குனிந்து பார்த்தாள். "அறுந்து ஒட்டினதா ஐயா?"

"ஓம். தேஞ்சு அறுந்தா கண்ணி மெலிஞ்சிருக்கும். இது மெலியேல்லை. பக்கத்துக் கண்ணியெல்லாம் இழுபட்டு நீண்டிருக்குது, பாருங்கோ. ஆற்றையோ கழுத்தில கிடக்கேக்கையே ஆரோ பிடிச்சு இழுத்திருக்கினம்."

"யா அல்லாஹ்."

"நீங்கள் வாங்க முன்னம் நடந்திருக்கும். பயப்பிடாதேங்கோ, அதால பெறுமதி குறையாது. ஆனா எழுதத்தான் வேணும்."

சொல்லிக்கொண்டே கொளுக்கிப் பக்கத்தைத் திருப்பினார். இரண்டு ஓடும் பொருந்தி மூடிய சிப்பி ஒன்று லென்சுக்குக் கீழே வந்தது.

எட்வேட் நகத்தால் அதைத் திறக்கப் பார்த்தார். நகம் சறுக்கியது. திரும்பவும் முயன்று திறந்தார். உள்ளே எழுத்து இருந்தது. மெல்லிய கீறல், வளைவின் கடைசியில் கொஞ்சம் பிசகியிருந்தது. அந்தப் பிசகு நடந்தபோது தான் மனதுக்குள் ஏசிக்கொண்டது அவருக்கு ஞாபகம் வந்தது.

ஜெஸ்லியா அவருடைய முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். "என்ன ஐயா? களவுச் சாமானா? அல்லாஹ் மேல ஆணை, காசு குடுத்துத்தான் வாங்கினது. என்ட கலியாணத்துக்கு வாப்பா வாங்கித் தந்தது."

அந்த நேரம்தான் றஞ்சிதம் வந்தவளுக்கென்று தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவள் புருசனைப் பார்த்தாள். மேசையில் இருந்ததைப் பார்த்தாள். கோப்பையை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. சங்கிலியை எடுத்து, சிப்பியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது என்ர பிள்ளையின்ர" என்றாள்.

பிறகு ஜெஸ்லியாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பிள்ளை, ஆர் தந்தது? எங்க வாங்கினீங்கள்? எப்ப?"

"இங்கதான் அம்மா, பசாரில. ரெண்டாயிரத்துப் பதினொண்டில. பழைய நகை விக்கிற கடை ஒண்டு இருந்திச்சு. வாப்பாட்டப் புதுசு வாங்கக் காசு போதல்ல."

"பதினொண்டில." றஞ்சிதம் அந்த வருடத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். அவளுடைய முகத்தில் எட்வேட் பல வருடமாகக் காணாத ஒரு வெளிச்சம் வந்தது. "சண்டை முடிஞ்சாப் பிறகு! அப்ப வித்திருக்கிறாள். உயிரோட இருந்து வித்திருக்கிறாள். வித்துச் சாப்பிட்டிருக்கிறாள். இஞ்சேருங்கோ, நான் சொன்னனான்தானே? நான் சொன்னனானோ இல்லையோ?"

ஜெஸ்லியா எட்வேட்டைப் பார்த்தாள். சற்று முன்னர் அவர் வாயால் சொன்னதை அவள் கேட்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்து லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெஸ்லியா மற்ற நகைகளைப் பொட்டலமாகக் கட்டினாள். சங்கிலியை எடுக்கக் கையை நீட்டி, பின்வாங்கிக்கொண்டாள். "இது இங்கேயே கிடக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சில நாள் கழித்துத் திரும்பி வந்தாள். ஷமீரோடு பேசியிருந்தாள். "அவையட பிள்ளையிட சாமான் நமக்கு வேணாம்" என்று அவன் சொல்லியிருந்தான். றஞ்சிதம் அதைச் சும்மா வாங்க மறுத்தாள். தன் கையிலிருந்த காப்புகளைக் கழற்றி, "இதுக்குச் சமமா இதை எடுங்கோ. இல்லாட்டி நான் அதைத் தொடமாட்டன்" என்றாள். ஜெஸ்லியா அழுதுகொண்டே வாங்கிக்கொண்டாள்.

றஞ்சிதம் உள்ளே போன பிறகு அவள் எட்வேட்டிடம் சொன்னாள்: "நாங்க ஊரை விட்டுப் போகேக்க துவக்கோட நிண்ட பொடியங்க எங்கட உம்மாட காதில இருந்து தோட்டை இழுத்தெடுத்தவங்க. அந்தக் காது கிழிஞ்சபடிதான் கடைசிவரைக்கும் இருந்திச்சு. இழுத்தெடுத்த நகை எப்படி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும் ஐயா. அம்மாட்ட நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா நீங்க எவ்வளவு நாளைக்குச் சொல்லாம இருப்பீங்க?"

எட்வேட் எழுந்து படலை வரைக்கும் அவளோடு நடந்தார்.

றஞ்சிதம் இப்போது ஒரே பிடியாக நின்றாள். அந்தக் கடைக்குப் போகவேண்டும், விற்றது யார் என்று கேட்கவேண்டும். அவளுக்கு முன்னதாக எட்வேட் ஒரு நாள் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். கடையில் இப்போது நகை இல்லை. கடைக்காரரின் மகன் கைத்தொலைபேசி விற்கிறான். கிழவர் பின்னறையில் கட்டிலில் இருந்தார். சங்கிலியைக் காட்டியதும் அவருக்கு நினைவு வந்தது. சிப்பிக் கொளுக்கியை மறக்கமுடியாது.

"அறுந்துதான் வந்தது. எங்கட வேலைக்காரன்தான் ஒட்டினவன்" என்றார்.

"ஆர் கொண்டுவந்தது?"

"அந்த வருசங்களில ஆர்தான் விக்கேல்லை? முகாமில இருந்து வந்த சனம் வித்துது. ஆமி உடுப்புப் போட்டவனும் வித்தான். அவனிட்ட வாங்கித் திரிஞ்சவனும் வித்தான். பெயர் கேட்டு வாங்கினாக் கடை நடத்தேலுமோ, எட்வேட்? இதை ஒரு ஆம்பிளை கொண்டுவந்தவன். தமிழ் அரைகுறை. ஒரு பையில இப்பிடி நிறையக் கிடந்தது. எல்லாம் அறுந்ததும் வளைஞ்சதும்."

எட்வேட் சங்கிலியை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார். அவர் வங்கிக்குப் போய்வருகிற வழியில்தான் அந்தக் கடை இருந்தது. அந்த மாதங்களில் மகளின் சங்கிலி கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியிருக்கிறது. அவர் மற்றவர்களின் நகையைப் பார்த்துவிட்டுக் களைத்து, அந்தப் பக்கம் திரும்பாமலே நடந்து போயிருக்கிறார்.

"என்ர மனுசி வருவா. அறுந்த கதையை மட்டும் அவவுக்குச் சொல்லாதேங்கோ" என்று கேட்டுக்கொண்டு திரும்பினார்.

அடுத்த கிழமை றஞ்சிதத்தைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, டிலோஜினியின் படத்தைக் கிழவரின் கையில் கொடுத்தாள். "இந்தப் பிள்ளையோ ஐயா வந்தது? வடிவாப் பார்த்துச் சொல்லுங்கோ. மெலிஞ்சுபோயிருந்திருப்பாள்."

கிழவர் படத்தைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். எட்வேட்டைப் பார்க்கவில்லை.

"ஓம்" என்றார். "இந்தப் பிள்ளை மாதிரித்தான் இருந்தது. ஒரு இளம் பிள்ளைதான் கொண்டுவந்தது."

எட்வேட் கேட்டது ஒரு விடயத்தை மறைக்கச் சொல்லித்தான். கிழவர் இரக்கப்பட்டு இன்னொன்றைக் கூட்டிவிட்டார். அந்த இடத்தில் அதை மறுத்துப் பேச எட்வேட்டுக்குத் தைரியம் வரவில்லை. வெளியில் வந்தபோது றஞ்சிதம் சிரித்துக்கொண்டு வந்தாள். ஓட்டோக்காரனிடம்கூட, "என்ர மகள் இருக்கிறாள் தம்பி" என்று சொன்னாள்.

அந்தச் சிரிப்பு பின்னேரம் வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு அவள் யோசிக்கத் தொடங்கினாள்.

"பசார் வரைக்கும் வந்திருக்கிறாள்" என்றாள். "பசாரில இருந்து இஞ்ச நடந்து வாற தூரம். ஏன் வரேல்லை?"

எட்வேட் எழுந்து முன்னறை விளக்கைப் போட்டார்.

"சங்கிலியை விக்கிற அளவுக்குக் கஷ்டத்தில வந்த பிள்ளை தாய் வீட்டை ஏன் வரேல்லை?"

பதிலை அவளே கண்டுபிடித்தாள். மறுநாள் விடிந்ததும், "படலையைக் கழட்டுங்கோ" என்றாள். எட்வேட் புரியாமல் பார்த்தார். "கழட்டுங்கோ எண்டு சொல்லுறன். அந்தப் படலை இருக்கிறவரைக்கும் அவள் வரமாட்டாள். நான்தான் திறக்காத எண்டு சொன்னனான்." அவர் கழற்றி மதிலோடு சாத்தி வைத்தார். அன்றிலிருந்து தெருவில் அலையும் கழுதைகள் வளவுக்குள் வந்தன. அவள் வளர்த்த செவ்வரத்தையையும் கறிவேப்பிலைக் கன்றையும் தின்றன. அவள் அவற்றைத் துரத்தவில்லை. வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தாள்.

சாப்பாடு குறைந்தது. இரண்டொரு தரம் மயங்கி விழுந்தாள். ஆசுப்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள். வவுனியாவுக்குப் போகவேண்டும், அங்கே ஒரு ஆடைத் தொழிற்சாலையில் இப்படி ஒரு பெண் இருக்கிறாளாம் என்றாள். போனார்கள். அது வேறு யாரோ. திரும்பி வருகிற பஸ்ஸில் அவள் யன்னல் பக்கம் திரும்பியிருந்து சொன்னாள்:

"என்னைக் கண்டா ஒளிக்கிறாள் போல. எங்கயோ இருந்து என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பிள்ளைகுட்டி இருந்தா, அதுகளிட்ட அம்மம்மா செத்துப்போனா எண்டுதான் சொல்லியிருப்பாள். சொல்லட்டும். நான் அதுக்குரியவள்தான்."

எட்வேட் அவளுடைய கையைப் பிடித்தார். அவள் இழுத்துக்கொண்டாள்.

மகள் இல்லை என்பது ஒரு துக்கம். மகள் இருக்கிறாள், ஆனால் தாயை வேண்டாமென்று எங்கோ ஒதுங்கிப் போய்விட்டாள் என்பது அதைவிடப் பெரிய துக்கம். அதைத் தன் வாயை மூடியும் கிழவரின் பொய்யை மறுக்காமல் விட்டும் தானே றஞ்சிதத்தின் தலையில் ஏற்றிவைத்துவிட்டதை எட்வேட் அந்தப் பஸ்ஸில் விளங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் முகம்கூடக் கழுவாமல் முன்னறைக்குப் போய் லென்சையும் சங்கிலியையும் எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"இஞ்ச வந்து பார், றஞ்சி."

"என்னத்தைப் பார்க்கிறது?"

"வந்து பார்."

அவள் வந்து குனிந்தாள். அவர் ஊசியால் தொட்டுக் காட்டினார். ஜெஸ்லியாவுக்குச் சொன்ன அதே சொற்களைச் சொல்லப் பார்த்தார். வரவில்லை. "இது ஒட்டு" என்றார். "அறுந்திருக்கு. தேஞ்சு அறேல்லை. பக்கத்துக் கண்ணியைப் பார்."

றஞ்சிதம் நெடுநேரம் பார்த்தாள். நாற்பது வருடமாக நகைக்காரனோடு குடித்தனம் நடத்தியவள். அவளுக்கு மேற்கொண்டு விளக்கத் தேவையிருக்கவில்லை.

"இழுத்ததோ?"

"ஓம்."

"கடைக்கார ஐயா சொன்னது?"

"அவர் உன்ர முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய். கொண்டுவந்தது ஒரு ஆம்பிளையாம். ஒரு பை நிறையக் கொண்டுவந்தவனாம்."

"நீங்கள்?"

"நான் முதல் நாளே கண்டனான்."

அவர் அடி விழும் என்று எதிர்பார்த்தார். ஓலமிட்டு அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. கதிரையில் இருந்தாள். சங்கிலியை மடியில் போட்டு அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். வெளியில் ஒரு கழுதை மதிலோடு உரசுகிற சத்தம் கேட்டது.

"உயிர் இருக்கேக்கையோ, இல்லாட்டி..."

"அது தெரியாது. அதை ஒருத்தராலையும் சொல்லேலாது."

றஞ்சிதம் சங்கிலியை உள்ளங்கைக்குள் மூடினாள். பிறகு தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்:

"அப்ப அவள் என்னை வெறுத்து வராமல் விடேல்லை."

"இல்லை."

"வர ஏலாமத்தான் வரேல்லை."

"ஓம் றஞ்சி."

அதன் பிறகுதான் அழுதாள். பதினைந்து வருடமாக அழாமல் அடக்கிவைத்தது எல்லாம் வந்தது. எட்வேட் பக்கத்தில் போகத் துணியாமல் சுவரோடு நின்றார். அவருக்கும் கண்ணீர் வந்தது. அந்த வீட்டில் அவர் அழுததை றஞ்சிதம் முதல்முறையாக அன்றைக்குத்தான் கண்டாள்.

டிலோஜினிக்காகப் பங்குக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். எந்தத் திகதியில் செத்தவள் என்று கேட்ட சுவாமியாருக்கு இருவரும் பதில் சொல்லவில்லை. அவர் மேலும் கேட்காமல் இறந்தவர்களின் பெயர்களோடு அவளுடைய பெயரையும் வாசித்தார். அந்தப் பெயர் அங்கே வாசிக்கப்பட்டதும் றஞ்சிதம் முன்னால் இருந்த வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். ஜெஸ்லியா வந்து கோயில் வளவில், வேப்பமர நிழலில், பூசை முடியும்வரை தலையில் முக்காட்டோடு நின்றாள்.

அன்னப்பிள்ளையும் பேசாலையிலிருந்து வந்திருந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. வெளியே றோட்டில் நின்றாள். பூசை முடிந்து றஞ்சிதம் அவளிடம் போனபோது அவள் முகம் கொடுக்கவில்லை.

"நீ பூசை குடுத்தாச்சு" என்றாள் அன்னப்பிள்ளை. "இனி அந்தக் கந்தோர்க்காரங்கள் எங்களைப் பார்த்து என்ன சொல்லுவாங்கள்? பார், அவ ஏற்றுக்கொண்டிட்டா, நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லமாட்டாங்களோ? நீ உனக்கு மட்டும் செய்யேல்லை றஞ்சிதம். எங்கள் எல்லாரின்ர வாயிலையும் மண்ணைப் போட்டிட்டாய்."

"எனக்குத் தெரிஞ்சிட்டுது அக்கா" என்றாள் றஞ்சிதம். "உங்களுக்குத் தெரியேல்லை. நீங்கள் இருங்கோ. நானும் உங்களோட வந்து இருக்கிறன்."

அன்னப்பிள்ளை திரும்பிப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அடுத்த மாதம் தாய்மார் கூடிய நாளில் றஞ்சிதம் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். அன்னப்பிள்ளை ஒரு சொல்லும் பேசவில்லை. எழுந்து வேறு பக்கம் போகவும் இல்லை.

ஜெஸ்லியாவின் நகைகளுக்கான அத்தாட்சியை எட்வேட் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதுதான் அவர் எழுதியவற்றில் கடைசி. அதற்குப் பிறகு வருகிறவர்களிடம், கண் தெரியவில்லை, வேறு ஆளிடம் போங்கோ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் யாருடைய நகையைக் கையில் எடுத்தாலும் அது எந்தக் கழுத்தில் கிடந்தது, எப்படிக் கழன்றது என்றுதான் முதலில் தேடுகிறார். அப்படிப் பார்க்கிறவனால் மதிப்புப் போடமுடியாது.

றஞ்சிதம் அவரை மன்னித்தாளா என்று சொல்லமுடியாது. சாப்பாடு போடுகிறாள், மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். முன்னரைவிட அமைதியாக நித்திரை கொள்கிறாள். அந்தச் சில கிழமைகளைப்பற்றி இரண்டுபேரும் பேசுவதில்லை. ஒரே ஒரு தரம், மீன் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்: "அந்தப் பையில கிடந்த மற்றச் சாமானெல்லாம் இப்ப ஆற்ற கழுத்திலையும் கையிலையும் இருக்கும்?"

எட்வேட்டுக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னார்.